பைரேட்டை அடிக்கும் கார்டு: எப்போது சேர்க்கலாம், எப்போது எடுத்துவிட வேண்டும்?

வாசகர் கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் நாங்கள் எட்டு பேர் ஞாயிறுதோறும் ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் கார்டு ஆட்டம் ஆடுகிறோம். பழைய கார்டுகளையும் அனுமதிக்கும் வைல்ட் ஃபார்மட். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஒரு ஆட்டம். மூன்று பேர் பைரேட் (கடற்கொள்ளையர்) வகைக் கார்டுகள் நிறைந்த டெக் கொண்டு வருகிறார்கள். என்னுடையது மெதுவான ப்ரீஸ்ட் டெக். பைரேட்டை அழிக்கும் கொலாக்கா கிராலர் கார்டு இரண்டு சேர்த்தால் பலன் இருக்குமா? முன்பின் தெரியாதவர்களோடு ஆடும் ராங்க் ஆட்டத்தில் சேர்த்துப் பார்த்தபோது தோல்விதான் கூடியது. மே மாதம் ஏற்காட்டில் இன்னும் நான்கு பேர் சேர்ந்து பன்னிரண்டு பேராக ஆடப் போகிறோம். அங்கேயும் அதே டெக் சரிவருமா? சும்மா கிடக்கும் இந்த மாதிரிக் கார்டுகளை உடைத்து டஸ்ட் (வேறு கார்டு செய்ய உதவும் தூள்) ஆக்கிவிடலாமா?

பதில்: ஞாயிறு ஆட்டத்துக்கு இரண்டையும் சேருங்கள். ராங்க் ஆட்டத்துக்கு இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஏற்காட்டுக்கு ஒன்று நிச்சயம். இரண்டாவதை அங்கே வருபவர்களைப் பற்றித் தெரிந்த பிறகு முடிவு செய்யலாம். டஸ்ட் ஆக்க வேண்டாம். ஒரே கார்டுக்கு மூன்று இடத்தில் மூன்று பதில் வருவது ஏன் என்பது புரிந்துவிட்டால், அடுத்த முறை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். இந்த மாதிரிக் கார்டுகளை ஆட்டக்காரர்கள் 'டெக் (tech) கார்டு' என்பார்கள். முப்பது கார்டு சேர்ந்த அடுக்குக்கும் தமிழில் அதே உச்சரிப்பு வருவதால், இங்கே சந்தர்ப்பக் கார்டு என்றே சொல்கிறோம். எதிராளியிடம் ஒரு குறிப்பிட்ட பொருள் இருந்தால் மட்டும் முழு வேலை செய்யும் கார்டு அது. கொலாக்கா கிராலர் 2 மானா, 2/3; அதாவது இறக்க ஆகும் செலவு 2, தாக்குதல் 2, உயிர் 3. களத்தில் ஒரு பைரேட் இருந்தால் அதை அழித்துவிட்டு 3/4 ஆகிவிடும். பைரேட் இல்லையென்றால் வெறும் 2/3. ஏற்காடு போகும்போது கீழே அடிவாரத்தில் ஸ்வெட்டர் சுமை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிய பிறகு அதைத்தான் தேடுவோம். நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

கணக்குக்கு நான்கு எண்கள் போதும். எதிராளிகளில் எத்தனை பேரிடம் அந்தப் பொருள் இருக்கிறது; கார்டு நேரத்துக்கு உங்கள் கைக்கு வருமா; வந்து வேலை செய்தால் எவ்வளவு லாபம்; வேலை செய்யாதபோது எவ்வளவு நஷ்டம். பெரும்பாலானவர்கள் மூன்றாவதை மட்டும் பார்த்துவிட்டுக் கார்டைச் சேர்த்துவிடுகிறார்கள்.

கைக்கு வருவதைப் பார்ப்போம், ஏனென்றால் ஆட்டம் ஏமாற்றுகிற இடம் இதுதான். 30 கார்டில் ஒன்றே ஒன்று வைத்து, முதலில் ஆடுபவராக இருந்தால், இரண்டாவது டர்னுக்குள் (உங்கள் இரண்டாவது முறைக்குள்) 5 கார்டு பார்ப்பீர்கள். அது வர வாய்ப்பு 17 சதவீதம். இரண்டு காப்பி வைத்தால் 31. ஆரம்பக் கார்டுகளை மாற்றிக்கொள்ளும் முல்லிகனில் மூன்று கார்டையும் திருப்பிப் போட்டு இதையே தேடினால் ஒரு காப்பிக்கு 26, இரண்டு காப்பிக்கு 46. இரண்டாவதாக ஆடினால் ஆரம்பத்தில் நான்கு கார்டு கிடைப்பதால் அதுவே 32, 55 என்று ஏறும். அதாவது இரண்டும் வைத்து, முழுமூச்சாகத் தேடினாலும், ஏறக்குறைய பாதி ஆட்டங்களில் நேரத்துக்கு வராது. 'போட்டேன், வேலை செய்யவில்லை' என்று ஒரே ஞாயிறில் கைவிடுபவர்கள் பார்ப்பது இந்தப் பாதியைத்தான்.

இனி லாப நஷ்டம். இவை ஆளுக்கு ஆள், டெக்குக்கு டெக் மாறும். கணக்கைக் காட்ட ஒரு அளவை எடுத்துக்கொள்கிறோம். நேரத்துக்கு வந்த கிராலர் ஐந்து பைரேட் ஆட்டத்தில் ஒன்றைக் கூடுதலாக வென்று தருகிறது என்று வையுங்கள். இரண்டு காப்பியோடு நூறு பைரேட் ஆட்டத்தில் 46-ல் வரும். அதில் ஐந்தில் ஒன்று, சுமார் 9 வெற்றி லாபம். ஒரு காப்பி என்றால் சுமார் 5. மற்ற டெக்குகளோடு ஆடும்போது, ஆட்டம் முடிவதற்குள் பாதி டெக்கைப் பார்க்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு காப்பியும் நூறில் ஐம்பது ஆட்டத்தில் கைக்கு வந்து நிற்கும். நல்ல கார்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 2/3 நிற்பதால் இருபத்தைந்தில் ஒரு ஆட்டம் போகிறது என்றால், காப்பிக்கு 2 தோல்வி, இரண்டுக்கு 4.

இதை வைத்துப் பார்த்தால், எதிராளிகளில் சுமார் 28 சதவீதம் பேர் பைரேட் ஆடினால் முதல் காப்பி தன் செலவை ஈடுகட்டும். இரண்டாவது காப்பி கொண்டுவரும் கூடுதல் லாபம் 4 மட்டுமே. நஷ்டமோ அதே 2. அதனால் அதற்கு 33 சதவீதம் வேண்டும். உங்கள் செட்டில் ஏழில் மூன்று, அதாவது 43. இரண்டுமே தாங்கும். ராங்க் ஆட்டத்தில் பத்தில் ஒருவர்தான் பைரேட் என்றால், அதே இரண்டு காப்பி நூறு ஆட்டத்தில் சுமார் 3 ஆட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். நீங்கள் தோற்றதற்குக் காரணம் கார்டு மோசம் என்பதில்லை, கூட்டம் வேறு.

லாபத்தின் அளவையும் மிகைப்படுத்திக்கொள்ள வேண்டாம். உங்கள் ஏழு ஆட்டத்துக்கு இந்தக் கணக்கு தருவது 0.12 வெற்றி, எட்டு ஒன்பது ஞாயிறுக்கு ஒரு ஆட்டம். ஆனாலும் விடக்கூடாத லாபம் அது, ஏனென்றால் செலவு இரண்டு கார்டு மாற்றம் மட்டும்தான்.

எதை எடுத்துவிட்டு இதைப் போடுவது? அதே 2 மானா இடத்தில் இருப்பதை எடுங்கள். ப்ரீஸ்ட் டெக்கில் பலரும் செய்யும் தவறு, 'கடைசியில்தானே வேண்டும்' என்று கார்டு இழுக்கும் கார்டையோ, ஆட்டத்தை முடிக்கும் கார்டையோ கழற்றுவது. அப்படிச் செய்தால் பைரேட்டைத் தாண்டி நிற்பீர்கள். ஆனால் மற்ற நான்கு பேரோடு ஆடும்போது ஆட்டத்தை முடிக்க உங்களுக்கு வழி இருக்காது.

இனி ஆடும் விதம். எதிராளி முதல் டர்னில் 1 மானா பைரேட் ஒன்றை இறக்குகிறார். உடனே டெக்கிலிருந்து பேட்சஸ் என்ற பைரேட் 1/1 ஆகக் குதிக்கிறது. உங்கள் இரண்டாவது டர்ன்; கையில் கிராலர். கை அரிக்கும். இங்கே ஒரு கணம் நில்லுங்கள். அவருடைய மூன்றாவது டர்னில் சவுத்ஸீ கேப்டன் வரக்கூடும்: 3 மானா, 3/3, மற்ற பைரேட்டுகள் எல்லாவற்றுக்கும் +1/+1. அது இறங்கிய பிறகு கிராலரால் கேப்டனை அழித்தால், 2/2 ஆகிவிட்ட பேட்சஸ் திரும்பவும் 1/1 ஆகும், மற்றதும் ஒரு படி இறங்கும், உங்கள் பக்கம் 3/4 நிற்கும். ஒரே கார்டில் அவருடைய மொத்த டர்னும் போகிறது. சின்ன உருப்படிகளைச் சமாளிக்க வேறு மந்திரம் கையில் இருந்தால் மட்டும் இப்படிக் காத்திருங்கள். இல்லையென்றால் இரண்டாவது டர்னிலேயே இறக்கிவிட வேண்டும். நான்காவது டர்னுக்கு மேல் பிடித்து வைத்தால் 30 உயிரில் பாதி கரைந்த பிறகு கேப்டனைக் கொன்று பயனில்லை.

தடுமாற வைக்கும் நுணுக்கங்கள் இரண்டு. கிராலர் சொல்வது 'ஒரு பைரேட்டை அழி' என்றுதான். 'எதிரியின்' என்று அதில் இல்லை. ப்ரீஸ்ட் டெக்கில் எதிராளியின் கார்டை நகல் எடுத்தோ அபகரித்தோ உங்கள் பக்கம் ஒரு பைரேட் நின்று, எதிர்ப்பக்கம் ஒன்றும் இல்லாவிட்டால், கிராலர் உங்களுடையதைத்தான் தின்னும். மறுக்க முடியாது. அடுத்தது, ஸ்டெல்த்தில் ஒளிந்திருக்கும் பைரேட்டை அது குறிவைக்க முடியாது. முதல் அடியைத் தாங்கிக்கொள்ளும் டிவைன் ஷீல்டு மட்டும் அதைத் தடுக்காது. அடியாக இல்லாமல் நேரடியாக அழிப்பதால்.

இரண்டாவது கிராலரைப் பற்றித் தயக்கம் இருந்தால், அந்த இடத்தில் ரஸ்ட்ராட் வைப்பர் ஒன்றை முயலுங்கள். 3 மானா, 3/4, எதிராளியின் ஆயுதத்தை உடைக்கும். பைரேட் டெக் பெரும்பாலும் ஆயுதத்தோடுதான் வரும். பைரேட் அல்லாத டெக்கிலும் ஆயுதம் இருக்கும். அதைவிட முக்கியம், அது டிரேடபிள் கார்டு. 2021 ஆகஸ்டில் வந்த இந்த வசதியில் 1 மானா கொடுத்தால் கார்டு டெக்குக்குள் போய் வேறொன்று கைக்கு வரும். நஷ்டம் என்று நாம் போட்ட அந்த நான்காவது எண்ணை இந்த ஒரு வரி பாதிக்கு மேல் குறைத்துவிடுகிறது. முதல் டர்னில் செய்ய ஒன்றுமில்லாத அந்த 1 மானாவிலோ, பின்னால் 1 மானா மிச்சமாகும் டர்னிலோ மாற்றுங்கள். ஒரு நல்ல ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு மாற்றாதீர்கள். டிஸ்கவர் வழியாக வரும் சந்தர்ப்பக் கார்டும் இதே காரணத்தால்தான் மதிப்பு கூடியது: தேவை கண்முன் நிற்கும்போது மூன்றில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுக்கிறோம், டெக் கட்டும்போதே ஊகிக்க வேண்டியதில்லை.

மதிப்பு ஏறி இறங்குவதற்கு இன்னொரு பெரிய காரணம், மற்றவர்கள் உங்களைப் பார்த்து மாறுவது. பிக் கேம் ஹண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தாக்குதல் 7 அல்லது அதற்கு மேல் உள்ள எதையும் அழிக்கும் அந்தக் கார்டு ஆரம்பத்தில் 3 மானா. 2014 டிசம்பரில் டாக்டர் பூம் 7/7 ஆக வந்து கண்ட டெக்கிலெல்லாம் புகுந்தபோது அதன் மதிப்பு உச்சிக்குப் போனது. கூடவே, 7-ஐத் தொடும் மற்றப் பெரிய கார்டுகளைப் போடவே ஆட்கள் யோசித்தார்கள். 6 தாக்குதல் கார்டுக்குத் தானாக மவுசு வந்தது. 2016 ஏப்ரலில் அதை 5 மானா ஆக்கினார்கள். வேலை அதேதான், ஒரு எழுத்து மாறவில்லை. விலை மட்டும் மாறியதில் டெக்குகளிலிருந்து கீழே விழுந்தது. 2017 ஆகஸ்டில் வந்த ஸ்கல்கிங் கைஸ்ட் வேறு ரகம்: 6 மானா, 4/6, இருவரின் கையிலும் டெக்கிலும் உள்ள 1 மானா மந்திரங்களை எல்லாம் அழிக்கும். ஒரு 1 மானா மந்திரத்தால் டெக்கை முடிவில்லாமல் நிரப்பிக்கொள்ளும் ஜேட் ட்ரூயிட் டெக்கை மெதுவான டெக் எதிர்கொள்ள அது ஒன்றே வழியாக இருந்த நாட்களில், குறைந்த சதவீதத்துக்கும் இடம் கொடுத்தார்கள். ஒரு ஆட்டத்தைத் தோல்வியிலிருந்து வெற்றிக்கே திருப்பும் கார்டென்றால், மூன்றாவது எண் அவ்வளவு பெரிது.

உங்கள் செட்டிலும் இதுதான் நடக்கும், அதுவும் இரண்டே வாரத்தில். கிராலரிடம் இரண்டு முறை அடி வாங்கியவர் டெக்கை மாற்றுவார். மூவரில் இருவர் மாறிவிட்டால் ஏழில் ஒன்று, 14 சதவீதம். அன்றைக்கே இரண்டையும் கழற்றுங்கள். கழற்றியதை வெளியே சொல்லாதீர்கள். அவர்கள் பயந்துகொண்டு பைரேட்டை விட்டே வைத்திருந்தால் அந்த லாபம் செலவில்லாமல் வருகிறது.

ஏற்காட்டுக்கு வருவோம். பன்னிரண்டு பேரில் உங்களுக்கு எதிராளிகள் பதினொருவர். தெரிந்த பைரேட் மூன்று, 27 சதவீதம். புதிய நால்வரில் ஒருவரும் பைரேட் இல்லை என்றால் முதல் காப்பியே எல்லையில்தான் நிற்கிறது. ஒருவர் இருந்தால் 36, இருவர் என்றால் 45. இரண்டு காப்பியும் சரி. ஆகவே ஒன்றோடு போய், நால்வரில் ஒருவராவது பைரேட் என்று தெரிந்தால் இரண்டாவதைச் சேருங்கள். ஆட்டங்களுக்கு நடுவே இரண்டு கார்டு மாற்றலாம் என்று முன்கூட்டியே எல்லோரும் ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது; ஒரே டெக்கை இரண்டு விதமாகச் சேமித்து வைத்துவிட்டால் போதும். வீட்டுக்குள் சிக்னல் எப்படி என்று முன்னதாகவே பார்த்துவிடுங்கள். மலையில் ஒரு அறையில் கிடைப்பது அடுத்த அறையில் கிடைக்காது, தொடர்பு அறுந்து திரும்பும் வரை உங்கள் டர்னுக்கான நேரம் காத்திருக்காது.

ராங்க் ஆட்டத்துக்கு நோட்டில் குறித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும். ஆனால் இருபது ஆட்டத்தில் ஐந்து பைரேட் பார்த்தால் உண்மை நிலவரம் 11-லிருந்து 47 சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம். ஐம்பது ஆட்டமாவது எழுதிய பிறகு டெக்கில் கை வையுங்கள்.

வேறு ஆட்டம் ஆடும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மார்வெல் ஸ்னாப்பில் டெக் 12 கார்டுதான். ஆறாவது டர்னுக்குள் 9 பார்த்துவிடுவதால் ஒற்றைக் கார்டு 75 சதவீதம் கைக்கு வரும், வராவிட்டால் குறைந்த க்யூப் (பந்தயப் புள்ளி) இழப்போடு பின்வாங்கலாம். அங்கே சந்தர்ப்பக் கார்டுக்கு இடம் அதிகம். மேஜிக் அரீனாவில் மூன்று ஆட்டத் தொடரில் ஆட்டங்களுக்கு நடுவே மாற்றிக்கொள்ள 15 கார்டு சைடுபோர்டு இருக்கிறது, இவை வாழ வேண்டிய இடம் அதுதான். ஒற்றை ஆட்டம் மட்டும் ஆடுபவர் இவற்றுக்கு, விரும்பிய கார்டாக மாற்றிக்கொள்ளும் ரேர் வைல்டுகார்டைச் செலவழிக்கவே கூடாது. அங்கே கார்டைத் திருப்பிக் கொடுத்து எதையும் வாங்க முடியாது.

கடைசியாக டஸ்ட். ஒரு கார்டைச் செய்ய ஆகும் டஸ்ட், அதன் தரத்தைப் பொறுத்து காமன் 40, ரேர் 100, எபிக் 400, லெஜண்டரி 1600. உடைத்தால் கிடைப்பது 5, 20, 100, 400. உங்கள் கிராலர் ரேர். இரண்டையும் உடைத்தால் 40 கிடைக்கும், பைரேட் மறுபடி பெருகும் மாதத்தில் திரும்ப வாங்க 200 ஆகும். காமன், ரேர் எதையும் தொடாதீர்கள். மூன்றாவது காப்பி வந்தால் மட்டும் உடைக்கலாம். அதையும்கூட அவசரமின்றி வைத்திருங்கள்: ஒரு கார்டின் பலத்தைக் குறைத்து மாற்றும்போது இரண்டு வாரத்துக்கு உடைப்பவருக்குச் செய்த விலையே முழுதாகத் திரும்பும், 20-க்குப் பதில் 100.