வேலை போன வீட்டில் மற்றவர்கள் செய்ய வேண்டியது: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தனியார் தொழிற்சாலை ஒன்றின் பணியாளர் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற பின், கும்பகோணத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), பணிக்கொடை (கிராஜுவிட்டி) விண்ணப்பங்களுக்கு உதவி வருகிறேன். வேலையை இழந்தவர்களைவிட அவர்களுடைய வீட்டாரே அதிகமாகக் கேள்வி அனுப்புகிறார்கள் என்பதால், இம்முறை அவர்களுக்கென்றே எழுதுகிறேன்.

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி: என் கணவர் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தார். ஒரு நாள் காலையில் கூப்பிட்டு, மாலையோடு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வந்துவிட்டோம். மாமனாரிடம் ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று சொல்லி வைத்திருக்கிறார். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறார். நான் எப்படிப் பேசுவது?

பதில்: ஆறுதல் சொல்வதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மா. முதலில் இருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, கையில் உள்ள பணம், வர வேண்டிய பாக்கி, மாதா மாதம் கட்டாயம் போகும் செலவு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ‘இப்படியே போனால் எத்தனை மாதம் தாங்கும்’ என்ற எண் கிடைத்துவிட்டால், அது சிறிய எண்ணாகவே இருந்தாலும், ‘இன்றைக்கு எங்கேயாவது விண்ணப்பித்தீர்களா’ என்று தினமும் கேட்க வேண்டிய பதற்றம் உங்களுக்குக் குறையும். அந்தக் கேள்விக்குப் பயந்து அவர் ஒதுங்குவதும் குறையும். பெரும்பாலான வீடுகளில் சண்டைக்குக் காரணம் பணம் இல்லாதது அன்று, எவ்வளவு இருக்கிறது என்பது ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருப்பதுதான்.

அடுத்தது நேரம். ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஊரின் ஆலை மூடப்பட்ட பிறகு, 1930-களின் தொடக்கத்தில் மரீ யஹோடாவும் அவருடைய சகாக்களும் அவ்வூர் மக்களின் அன்றாடத்தைக் கூர்ந்து கவனித்துப் பதிவு செய்தார்கள். நாள் முழுவதும் ஓய்வு இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வேலை என்பது சம்பளத்தோடு சேர்த்து நாளுக்கு ஒரு வடிவத்தையும் கொடுத்துவந்தது என்பதை அவர்கள் அங்கே கண்டார்கள். ஆகவே அவர் எழும் நேரமும் குளிக்கும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வேலை தேடலுக்கு என்று ஒதுக்கி, அந்த நேரத்தில் ரேஷன் கடைக்கோ மின்கட்டணம் கட்டவோ அவரை அனுப்பாதீர்கள். ‘சும்மாதானே இருக்கிறீர்கள்’ என்ற சொல் விளையாட்டுக்குக்கூட உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

மாமனாரிடம் உண்மையை அவரே சொல்லட்டும். நீங்கள் உடன் இருங்கள். அதிகம் தள்ளிப் போட வேண்டாம், சென்னையிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் யாராவது ஒருவர் அவருக்கு முன்பாகவே சொல்லிவிடுவார்.

பாபநாசத்திலிருந்து ஒரு தகப்பனார்: மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறான். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் இரண்டு மாதச் சம்பளம் தருவதாகச் சொல்கிறார்களாம். உடனே வாங்கிக்கொண்டு வரச் சொல்லட்டுமா?

பதில்: அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், ஐயா. படித்துப் பார்க்க இரண்டு நாள் அவகாசம் கேட்பதில் தவறில்லை. தானாக விலகினேன் என்று எழுதிவிட்டால் ஆட்குறைப்புக்கு உரிய இழப்பீட்டைக் கேட்பது கடினமாகிவிடும். சட்டத்தில் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவரை, ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பணியாற்றியிருந்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ கொடுத்து, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தையும் இழப்பீடாகக் கொடுத்துத்தான் ஆட்குறைப்பு செய்ய முடியும். எட்டு ஆண்டு என்றால் இதுவே ஏறத்தாழ நான்கு மாதச் சம்பளம்.

பணிக்கொடை இதிலிருந்து வேறு. ஐந்தாண்டுப் பணி நிறைந்திருந்தால் ராஜினாமா செய்தாலும் உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க ஓராண்டுக்கு 15,000. எட்டு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். ஐந்தாண்டு நிறையாதவர்களுக்கும் ஒரு வார்த்தை: நான்கு ஆண்டுகளோடு ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று உள்ளது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, நீக்கமானாலும் ராஜினாமாவானாலும் ஊதிய பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்கச் சொல்கிறது. பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை அலுவலக மின்னஞ்சல் முடக்கப்படும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; பிறகு கேட்டு அலைவது பெரும்பாடு.

திருவாரூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. பி.எஃப். முழுவதையும் எடுத்துக் கடனை அடைத்துவிடலாம் என்கிறார்.

பதில்: அவசரப்பட வேண்டாம். வேலையிழந்து ஒரு மாதம் ஆனால் 75 விழுக்காடும் இரண்டு மாதம் ஆனால் மீதியும் எடுக்கலாம் என்பது நெடுநாள் விதி. 2025 அக்டோபரில் கூடிய பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு, 75 விழுக்காட்டை உடனே எடுக்கலாம், முழுத் தொகைக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஐந்தாண்டுப் பணி நிறையாமல் எடுத்தால் வருமான வரியும் உண்டு. பத்தாண்டுப் பணி இருந்தால் ஓய்வூதிய உரிமை இருக்கிறது. நிறுவனம் வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் ஆன பின் அவரே தமது கணக்கில் பதிந்துகொள்ளலாம். இதைத் தெரியாமல் அலுவலகத்துக்கு நடையாய் நடப்பவர்கள் பலர்.

கடனைப் பொறுத்தவரை, தவணை 90 நாள் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன் ஆகிவிடும். முதல் தவணை தவறும் முன்பே கிளை மேலாளரை நேரில் பார்த்து, தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கையிருப்பு முழுவதையும் கடனில் போட்டுவிட்டு மளிகைக்கு நகையை அடகு வைப்பது கணக்குக்குச் சரிவராது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ தொலைபேசியில் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதையும் நினைவில் வையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: அப்பாவின் சிகிச்சை தம்பியின் கம்பெனிக் காப்பீட்டில்தான் நடக்கிறது. இனி?

பதில்: நிறுவனத்தின் குழுக் காப்பீடு பொதுவாகப் பணியின் கடைசி நாளோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரக் கேட்டால், ஏற்கனவே கழித்த காத்திருப்புக் காலம் (பழைய நோய்களுக்குக் காப்பீடு பணம் தராத தொடக்கக் காலம்) கணக்கில் சேரும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்றால் கொஞ்சம் நிம்மதி: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குச் சந்தா செலுத்தியிருந்தால், அக்டோபரில் வேலை போனாலும் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைக்கான மருத்துவ உரிமை இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்று பெற்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேரலாம்.

வலங்கைமானிலிருந்து ஒரு விவசாயி: வேலை போன மகனை ஊரோடு வந்துவிடச் சொன்னேன். வரும் பணத்தில் ஐந்து ஏக்கர் குத்தகை பிடித்துக் குறுவை போடலாம் என்பது என் யோசனை.

பதில்: மகனை வரச் சொன்னது சரி, குத்தகையைத்தான் ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்வேன். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு என்றாலும், 2024-இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள் என்பதை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவர் அல்லர் நீங்கள். உழவு, நாற்று, நடவாள் கூலி, களை, உரம், அறுவடை எந்திர வாடகை என்று கைக்காசு முதல் நாளிலிருந்தே போகும். குறுகிய காலக் குறுவை ரகத்துக்கும் மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அறுத்த பிறகும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மூட்டையை எடைக்கு வைக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நெல்லைச் சாலையில் கொட்டிக் கிளற வேண்டியதுதான். மாதச் சம்பளத்துக்குப் பழகிய ஒருவரின் இழப்பீட்டுப் பணத்தை இந்தச் சூதில் இறக்குவது எனக்குச் சம்மதமில்லை. உங்கள் சொந்த நிலத்தில் ஒரு போகம் அவர் கூட நிற்கட்டும், செலவுக் கணக்கை அவரே எழுதட்டும். அதற்குப் பிறகும் விருப்பம் இருந்தால் அப்போது பேசுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தாயார்: அடுத்த வாரம் உறவில் கல்யாணம். மகன் வர மறுக்கிறான்.

பதில்: வற்புறுத்தாதீர்கள். மொய்யை அவர் பெயரில் எழுதிவிட்டு வாருங்கள். ‘எங்கே தம்பி’ என்று கேட்பவர்களிடம் ‘வேலை மாறுகிறான்’ என்று ஒரே பதிலை வீட்டார் எல்லோரும் சொல்லுங்கள், அது பொய்யும் ஆகாது.

நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்: என் அக்கா மகன் இரவில் தூங்குவதில்லை. ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்று இரண்டு முறை சொல்லிவிட்டான்.

பதில்: இதைப் புலம்பல் என்று விட்டுவிடாதீர்கள். தனியாக உட்கார வைத்து, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்பட்டுவிடாது. 14416 என்ற டெலிமனாஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். நீங்களே உடன் அழைத்துப் போங்கள். அதுவரை அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்து போன்றவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். ‘ஆம்’ என்று சொன்னால் நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் அன்றே அழைத்துப் போங்கள்.

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி: தாய்லாந்தில் கணினி வேலை, மாதம் ஒரு லட்சம் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். தம்பி மோதிரத்தை விற்கவும் தயார்.

பதில்: நிறுத்துங்கள். 2022-இல் இதே வார்த்தையை நம்பித் தாய்லாந்துக்குப் போன தமிழ் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டு போகப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி மிரட்டப்பட்டார்கள். மீட்டுக் கொண்டுவர அரசு தலையிட வேண்டியிருந்தது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்டும் வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு கட்டணம் வாங்கக் கூடாது. கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம், நகல் போதும்.