ஒரே குண்டு, மூன்று கையேடு: எந்த அளவை நம்புவது?

அமெரிக்காவில் ரிவால்வர் தோட்டாக்களை (காலிக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து) வீட்டில் நிரப்பும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

.357 மேக்னம் தோட்டா, 158 கிரெயின் குண்டு, ஒரே வெடிமருந்து. மருந்தின் அளவைச் சொல்லும் மூன்று கையேடுகளில் மூன்று உச்ச அளவுகள். எது சரி, ஐயா?

மூன்றும் சரி, அவரவர் சோதித்த தோட்டாவுக்கு. 158 என்பது எடை மட்டும்தான். ஈய வார்ப்புக் குண்டும் செம்பு உறையிட்ட குண்டும் குழலில் ஒரே மாதிரி உராய்வதில்லை. நீளமான குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கினால், மருந்து எரியும் இடம் சுருங்கி அழுத்தம் ஏறும். பிரைமரை (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மாற்றினாலும் கணக்கு மாறும். சோதனைக் குழலும் ஒன்றல்ல. சிலர் நீளமான, இடைவெளியற்ற குழலில் சுடுகிறார்கள். சிலர் சிலிண்டர் இடைவெளியைப் போல வாயு கசியும் 4 அங்குலக் குழலில் சுடுகிறார்கள்.

உங்கள் குண்டைத் தயாரித்தவரின் பட்டியலை முதலில் எடுங்கள். மற்றவற்றை அதோடு ஒப்பிட்டு, இருப்பதில் குறைந்த தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறுங்கள்.

எச்110, வின்செஸ்டர் 296 என்ற மருந்துகள் இரண்டுக்கும் பழைய புத்தகங்களில் வெவ்வேறு அளவுகள் இருக்கின்றனவே?

இரண்டும் ஒரே மருந்து, பெயர்தான் இரண்டு. மருந்து மாறாமலே எண் மாறுகிறது என்றால், சோதனைக்குச் சோதனை எவ்வளவு விலகும் என்பதை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மருந்தை அச்சிட்ட தொடக்க அளவுக்குக் கீழே இறக்காதீர்கள். சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே நின்றுவிடக்கூடும்.

மூன்று கையேடுகளின் சராசரியை எடுக்கலாமா?

கூடாது. அந்தச் சராசரியை யாரும் சோதித்ததில்லை.

.45 கோல்ட்டுக்கு ஒரே புத்தகத்தில் இரண்டு பட்டியல்கள் ஏன்?

1873-இல் வந்த தோட்டா அது. பொதுவான உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. அழுத்தம் கூடிய இரண்டாவது பட்டியல், ரூகர் பிளாக்ஹாக் போன்ற தடித்த சிலிண்டர் ரிவால்வர்களுக்கு. பழைய கோல்ட் ரிவால்வரில் அதை வைத்தால் சிலிண்டர் பிளந்துவிடக்கூடும்.

பழைய கையேடுகளில் அளவு கூடுதல். வக்கீல்களுக்குப் பயந்து குறைத்துவிட்டார்கள், இல்லையா? (நான்கு பேர் கேட்டது)

வழக்குப் பயம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முக்கியக் காரணம் அளவிடும் முறை. முன்பு ஒரு செம்பு உருளை எவ்வளவு நசுங்கியது என்று பார்த்தார்கள். .357-க்கு அந்த அலகில் 45,000 உச்சம். இப்போது படிக உணர்வியால் அளக்கிறார்கள். உச்சம் 35,000 பவுண்டு. இரண்டும் வெவ்வேறு அலகுகள், ஒன்றை மற்றொன்றாக்க நம்பத்தக்க வாய்பாடு கிடையாது. செம்பு ஒரே ஓர் எண்ணைத்தான் தரும். உணர்வி, அழுத்தம் ஏறி இறங்கும் கோட்டையே வரைந்து காட்டும்.

என் மாமனார் அந்தப் பழைய அளவில்தான் ஆயிரக்கணக்கில் சுட்டார். ஒன்றும் ஆகவில்லையே!

அவருடைய துப்பாக்கி தாங்கியது. அன்றைய குண்டும் மருந்துத் தொகுதியும் உங்கள் மேசையில் இல்லை. அந்த எண் மட்டும்தான் உங்களிடம் வந்திருக்கிறது.

அழுத்தம் அதிகமானால் பிரைமர் தட்டையாகும் என்பார்கள். தட்டையாகாவிட்டால் அழுத்தம் சரிதானே?

இல்லை. .38 ஸ்பெஷலின் உச்சம் 17,000 பவுண்டுதான். பிரைமர் எச்சரிக்கும் முன்பே நீங்கள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பீர்கள்.

மதுரையில் வீட்டில் நிரப்பலாமா, அண்ணா?

1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

எந்தக் கையேடு சரி?

முதல் பதிலைப் படியுங்கள்.

எல்லாம் சரிபார்த்த பிறகும் கவனிக்க வேண்டியது எது?

இரட்டை மருந்து. .38 கூட்டில் வேகமாக எரியும் மருந்து அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது. ஒருநாள் தொலைபேசி மணி அடித்தது. பேசிவிட்டு வந்து, விளக்கைக் கூடுகளின் அருகே இறக்கி ஐம்பதையும் எட்டிப் பார்த்தேன். நான்காம் வரிசையில் ஒன்றில் மட்டும் மருந்து மேலே ஏறி நின்றது. ஐம்பதையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இப்போது தொலைபேசியை அந்த அறைக்குள் கொண்டுபோவதில்லை.