நெபுலா படம் எடுக்க நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன். ஊர்ப் பெயர் போதும் என்று ஆட்பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி (திருப்பூர்): என்னிடம் இருப்பது ஒரு டிஎஸ்எல்ஆர், 55-250 லென்ஸ், ஒரு டிரைபாட். டெலஸ்கோப் இல்லாமல் நெபுலா எடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். நெபுலா என்பது விண்வெளியில் உள்ள வாயு, தூசி மேகம். ஜனவரி, பிப்ரவரியில் ஓரியன் நெபுலாவில் தொடங்குங்கள். வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே, வாள் போலத் தொங்கும் மங்கலான மூன்றில் நடுவில் இருப்பதுதான் அது. சுமார் 1,300 ஒளியாண்டு தூரம்.

லென்ஸை 135 மி.மீ.க்கு வையுங்கள். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் கோடாக இழுபடும். எத்தனை விநாடி தாங்கும் என்பதற்கு ஒரு குத்துமதிப்புக் கணக்கு உண்டு: 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தாலும், உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் இன்னொரு 1.6-ஆலும் வகுக்க வேண்டும். சுமார் 2.3 வருகிறது, நீங்கள் 2 விநாடியில் நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ 1600, லென்ஸ் முழுக்கத் திறந்து, ரா ஃபைலில். ஜேபெக் வேண்டவே வேண்டாம்.

ஃபோகஸுக்கு லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். லைவ் வியூவில் ரிகலைப் பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி எங்கே மிகச் சிறியதாகிறதோ அங்கே வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒட்டாவிட்டால் பாதி இரவில் கை பட்டு நகர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும்.

இப்படி 500 படம். கூட்டினால் சுமார் 17 நிமிட வெளிச்சம். ஐம்பது படத்துக்கு ஒருமுறை நெபுலாவை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கடைசியில் லென்ஸை மூடி, அதே விநாடி, அதே ஐஎஸ்ஓவில் இருபது இருட்டுப் படங்கள். எல்லாவற்றையும் சிரில் அல்லது டீப்ஸ்கைஸ்டேக்கர் மென்பொருளில் போட்டு ஸ்டாக் செய்யுங்கள், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். இரண்டும் இலவசம். நூறு படம் சேர்த்தால் நாய்ஸ் (படத்தில் தெரியும் பொறிப்பொறியான கறை) பத்தில் ஒரு பங்காகக் குறையும். அதைப் பாதியாக்க வேண்டுமென்றால் நானூறு வேண்டும்.

கேள்வி (சென்னை): நெபுலா எடுக்க எந்த போன் வாங்கலாம்?

இதற்காக எந்த போனும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று கிடைக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): டிராக்கர் வாங்கிவிட்டேன். ஆனால் துருவ நட்சத்திரம் கண்ணிலேயே படவில்லை. எப்படி அலைன் செய்வது?

நல்ல கேள்வி. டிராக்கர், வானத்தின் ஓட்டத்துக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி; அதன் அச்சைத் துருவத்துக்கு நேராக நிறுத்துவதுதான் அலைன். வெளிநாட்டு வீடியோக்கள் நம் ஊருக்கு உதவாத இடம் இதுதான். துருவ நட்சத்திரத்தின் உயரம் அந்தந்த ஊரின் அட்சரேகைதான். லண்டனில் 51 டிகிரி, சென்னையில் 13, உங்களுக்கு 8. எட்டு டிகிரியில் தென்னை மரமும் அடிவானப் புகைமூட்டமும்தான் தெரியும்.

அதனால் துருவத்தையே பார்க்காமல் அலைன் செய்யப் பழகுங்கள். முதலில் திசைகாட்டி, போனில் உள்ள சாய்வுமானி இரண்டையும் வைத்துத் தோராயமாக நிறுத்துங்கள். பிறகு டிரிஃப்ட் முறை, அதாவது நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து அச்சைத் திருத்துவது. ஓரியன் பட்டையில் மேற்கு ஓரத்து நட்சத்திரம் மிண்டாகா, ஏறக்குறைய வான நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது. அது உச்சியைக் கடக்கும்போது நீளமான எக்ஸ்போஷரில் கவனியுங்கள். தெற்கே நழுவினால் உங்கள் அச்சு கிழக்கே திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. அதைச் சரிசெய்த பிறகு, கிழக்கில் தாழ்வாக உள்ள ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. அலுப்பான வேலைதான், ஆனால் எந்த மொட்டைமாடியிலும் நடக்கும். லேப்டாப் கொண்டுபோகிறவர்கள் நினா மென்பொருளின் மூன்று புள்ளி முறையைப் பயன்படுத்தலாம். அதற்கும் துருவ நட்சத்திரம் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. மவுண்டை (கேமராவையோ டெலஸ்கோப்பையோ தாங்கித் திருப்பும் பகுதி) எட்டு டிகிரிக்குச் சாய்த்தால் எதிர் எடைக் கம்பி டிரைபாட் காலில் இடிக்கலாம். வாங்கும் முன் கடையிலேயே சாய்த்துப் பாருங்கள்.

கேள்வி (மதுரை): ஐம்பதாயிரம் ரூபாய் பட்ஜெட். எட்டு அங்குல டெலஸ்கோப் வாங்கலாமா?

வாங்காதீர்கள். முதலில் மவுண்ட், அப்புறம் மவுண்ட், மிச்சம் இருந்தால் டெலஸ்கோப். எட்டு அங்குலக் குழாயை ஆடும் மவுண்டில் வைத்தால் நட்சத்திரம் எல்லாம் முட்டை முட்டையாக வரும். நல்ல டிராக்கரும் பழைய 135 மி.மீ. லென்ஸும் அதைவிட நன்றாக எடுக்கும். '675 மடங்கு பெரிதாக்கும்' என்று பெட்டியில் எழுதியிருந்தால் பெட்டியையே தொடாதீர்கள்.

கேள்வி (சேலம்): டூயல் பேண்ட் ஃபில்டர் போட்டுக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எடுத்தேன். சுற்றியுள்ள நீலப் புகை வரவே இல்லை. ஃபில்டர் டூப்ளிகேட்டா?

ஃபில்டர் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. அது ஹைட்ரஜன் சிவப்பையும் ஆக்ஸிஜன் பச்சையையும் மட்டும் விட்டு மற்றதை மறிக்கும். கார்த்திகையின் நீலம், நட்சத்திர வெளிச்சத்தைத் தூசி பிரதிபலிப்பது. அதில் எல்லா நிறமும் கலந்திருப்பதால் அதையும் சேர்த்தே மறித்துவிட்டது. கழற்றிவிட்டு, தெருவிளக்கு இல்லாத ஊருக்குப் போங்கள். முன்பு சோடியம் விளக்குகள் இருந்தபோது அந்த மஞ்சளை மட்டும் வெட்டும் ஃபில்டர் நகரத்திலும் உதவியது. இப்போதைய வெள்ளை எல்இடி நிறமாலை முழுக்கப் பரவுகிறது; எதை வெட்டுவது?

கேள்வி (கோவை): டெலஸ்கோப்பில் நேரில் பார்த்தால் சாம்பல் புகைதான். படத்தில் மட்டும் சிவப்பு, நீலம். எல்லோரும் சாயம் பூசித்தானே போடுகிறீர்கள்?

கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணில் நிறம் அறியும் கூம்பு செல்கள் ஓய்ந்துவிடும், கோல் செல்கள் மட்டும் பார்க்கும். அவை அதிகம் உணர்வது 507 நானோமீட்டர் அருகே. ஹைட்ரஜன் ஒளிர்வதோ 656.3 நானோமீட்டர் சிவப்பில். கோல் செல்களுக்கு அது கிட்டத்தட்ட இருட்டு. ஆக, நிறம் அங்கே இருக்கிறது, கண்ணுக்குத்தான் எட்டவில்லை. பெரிய டெலஸ்கோப்பும் உருவத்தைப் பெரிதாக்குமே தவிர, பரப்பின் பிரகாசத்தைக் கூட்டாது.

ஓரியனின் நடுப்பகுதியில் சிலருக்கு இளம்பச்சை தெரியும். அந்தப் பச்சைக்கு ஒரு கதை உண்டு. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் பூனைக்கண் நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். அதிலிருந்த பச்சைக் கோடு தெரிந்த எந்தத் தனிமத்தோடும் ஒத்துப்போகவில்லை. 'நெபுலியம்' என்று புதிய தனிமத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 1927-இல்தான் ஐரா போவன், அது இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்ஸிஜன் என்று விளக்கினார். பூமியின் காற்றடர்த்தியில் அந்த ஒளி வர வாய்ப்பில்லாததால்தான் அவ்வளவு காலம் குழப்பம்.

கேள்வி (கோவை, மீண்டும்): அப்படியானால் ஹப்பிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' உண்மை நிறமா?

இல்லை, 1995-இல் வெளியிட்டபோதே சொல்லித்தான் வெளியிட்டார்கள். கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம். கந்தகமும் ஹைட்ரஜனும் இரண்டுமே சிவப்பில் ஒளிர்பவை. அப்படியே விட்டால் எது எங்கே என்று பிரிக்க முடியாது. எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிவதால் டாக்டர் ஏமாற்றினார் என்று யாரும் சொல்வதில்லையே.

கேள்வி (யாழ்ப்பாணம்): நிறம் போகட்டும். ஏஐ மென்பொருள் போட்டுக் கூர்மையாக்குகிறார்களே, அது?

சண்டை போட வேண்டிய இடம் இதுதான், கோவைக்காரர் தவறான கதவைத் தட்டுகிறார். நிறம் மாற்றுவது பதிவான வெளிச்சத்துக்கு வேறு சட்டை போடுவது. மென்பொருள் தானாக ஒரு இழையையோ நட்சத்திரத்தையோ வரைந்தால், அங்கே வெளிச்சமே பதிவாகவில்லை. ஸ்டாக் செய்த அசல் கோப்பைப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் தடயம் இல்லாத எதுவும் இறுதிப் படத்தில் இருக்கக் கூடாது. நாய்ஸைக் குறைக்க ஏஐ வேண்டாம், இன்னும் இரண்டு இரவு எக்ஸ்போஷர் சேர்த்தாலே போதும்.

கேள்வி (கோவை, மூன்றாம் முறை): இரண்டுமே ஏமாற்றுதான் என்பேன்.

சொல்லுங்கள். உங்கள் கேமராவின் ரா ஃபைலும் கறுப்பு வெள்ளைதான். நிறம் பிறகு கணக்குப் போட்டு வருவது. அதையும் தூக்கிப் போடுவீர்களா? இதை இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): நைட் மோட் நன்றாக உள்ள போன் எது?

சென்னைக்காரருக்குச் சொன்னதேதான்.

கேள்வி (திருச்சி): குதிரைத்தலை நெபுலா சிவப்பாக வரவே இல்லை.

சாதாரண கேமராவில் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடி ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியை மறித்துவிடும். அதை மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். டிராக்கர் இல்லையென்றால் அதையும் செய்யாதீர்கள். முதலில் மவுண்ட்.

கேள்வி (ராமநாதபுரம்): நம் ஊரிலிருந்து மட்டும் எடுக்கக்கூடியது ஏதாவது உண்டா?

கரீனா நெபுலா. லண்டனில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. உங்களுக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் இரவு பத்து மணிவாக்கில், நேர் தெற்கே சுமார் 21 டிகிரி உயரத்தில் நிற்கும். அகலம் முழு நிலவைப் போல நான்கு மடங்கு, எனவே 200 மி.மீ. லென்ஸே போதும். அதற்குள் இருக்கும் ஈட்டா கரீனா 1843-இல் திடீரெனப் பிரகாசித்து, சிரியஸுக்கு அடுத்த பிரகாசமான நட்சத்திரமாக இருந்தது. தெற்கே கடல் உள்ள கரையாகத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பக்கம் ஊர் விளக்கு இருக்காது. உப்புக்காற்றில் லென்ஸ் முகப்பு நனைந்துவிடும், டியூ ஹீட்டர் (லென்ஸைச் சூடாக வைக்கும் பட்டை) கட்டாயம்.

கேள்வி (வேலூர்): ஜவ்வாது மலையில், காவலூர் பக்கம் போய் எடுக்கலாமா?

இருட்டு நன்றாக இருக்கும், 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை அங்கே வைத்ததே அதனால்தான். ஆனால் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் ராத்திரியில் நுழையாதீர்கள், வானாய்வகம் பக்கம் ஹெட்லைட் அடிக்காதீர்கள். தெரிந்தவர் வீட்டு மாடி கிடைத்தால் அதுவே மேல்.

கேள்வி (கடலூர்): இதே செட்டப்பில் சூரிய கிரகணம்?

சூரியனைப் படம் எடுப்பது எனக்குப் பழக்கமில்லை, அதை எடுப்பவர்களிடம் கேளுங்கள். சோலார் ஃபில்டர் முன்னால் மாட்டாமல் லென்ஸை அந்தப் பக்கம் திருப்பவே வேண்டாம்.