தண்டிலும் அச்சிலும் விரிசல் தேடுவது: யூ.டி. (மீயொலிச் சோதனை) கேள்வி பதில்

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர்): அண்ணா, தண்டின் மேலே நேர் ப்ரோப் (மீயொலியை நேராக உள்ளே அனுப்பி, திரும்பும் எக்கோவை வாங்கும் கருவி முனை) வைத்தேன். பேக் வால் எக்கோ (எதிர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் எதிரொலி) நன்றாக வந்தது, நடுவில் ஒன்றுமில்லை. பிறகு அதே தண்டின் அடிப்பக்கத்தில் விரிசல் என்கிறார்கள். எப்படித் தப்பியது?

பதில்: தம்பி, களைப்பு விரிசல் (திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் வருவது) பெரும்பாலும் மேற்பரப்பில் பிறந்து, இழுவிசைக்குக் குறுக்காக உள்ளே இறங்கும். நீங்கள் அனுப்பிய அலையும் அதே திசையில்தான் போனது. காகிதத்தை விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் கோடுதானே தெரியும்! அலையைச் சாய்வாக அனுப்பும் 45 டிகிரி குறுக்கலை ப்ரோப் எடுங்கள். அடிப்பரப்பும் விரிசலும் சேரும் மூலையில் அலை இரண்டு முறை பட்டு, வந்த வழியே திரும்பும். எஃகில் குறுக்கலையின் வேகம் நொடிக்குச் சுமார் 3,230 மீட்டர். 4 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.8 மி.மீ. தடிமன் 20 மி.மீ. என்றால் மூலை எக்கோ 28 மி.மீ. பாதைத் தூரத்தில் உச்சம் தொடும். 60 டிகிரி இதற்கு வேண்டாம். விரிசல் முகத்தில் 30 டிகிரியில் பட்டு, சக்தியில் பெரும்பங்கு நெட்டலையாக மாறிப் போய்விடும், எக்கோ படுத்துவிடும்.

தொடங்கும் முன் வி-1 பிளாக்கில் (அளவு தெரிந்த எஃகு மாதிரிக் கட்டை) கோணத்தைப் பாருங்கள். ப்ரோப்பின் பிளாஸ்டிக் அடி தேயத் தேய, 45 என்று எழுதியிருப்பது 45 ஆக இருக்காது.

கேள்வி: ப்ரோப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே தடவும் ஜெல் தீர்ந்துவிட்டால் கிரீஸ் தடவலாமா?

பதில்: தடவலாம். நடுவில் காற்று சிக்காமல் இருந்தால் சரி.

கேள்வி (பராமரிப்பு ஃபோர்மேன்): சார், திரையில் எக்கோவின் உயரம் 40 சதவீதத்திலிருந்து 80 ஆகிவிட்டது. விரிசல் இரண்டு மடங்கு ஆழமாகிவிட்டதா?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 6 டெசிபல் கூடியிருக்கிறது, அவ்வளவே. விரிசலின் சாய்வு, முகத்தின் சொரசொரப்பு, நீங்கள் அழுத்திய விதம் எல்லாம் அதில் கலந்திருக்கும். ஆழம் வேண்டுமென்றால் விரிசல் நுனியிலிருந்து வரும் மெல்லிய எக்கோவைத் தேடி, மூலை எக்கோவுக்கும் அதற்கும் உள்ள நேர இடைவெளியைக் கணக்கிடுங்கள். நுனியில் சிதறும் அலையின் நேரத்தை அளக்கும் இந்த வழி 1970-களில் பிரிட்டனின் ஹார்வெலில் ஒரு தனி முறையாகவே வளர்ந்தது. அப்புறம், இரண்டு அளவீட்டுக்கும் முன் ப்ரோப்பைப் பிளாக்கில் வைத்துச் சரிபார்த்தீர்களா?

கேள்வி: தண்ணீர் போதுமா, ஜெல்தான் வேண்டுமா?

பதில்: மேலே கிரீஸுக்குச் சொன்னதுதான்.

கேள்வி: ஃபேஸ்டு அரே (பல சிறு அலைமூலங்களால் கோணத்தை மாற்றிப் படம் வரையும் கருவி) வந்தபிறகு இந்தக் கோணக் கணக்கெல்லாம் எதற்கு? படமே வருகிறதே.

பதில்: அந்தப் படமும் திரும்பி வந்த எக்கோவை வைத்துத்தான் வரையப்படுகிறது. அமுக்கத்தில் விரிசலின் இரு முகமும் இறுகிவிட்டால் அலை ஊடுருவிப் போய்விடும். எந்தக் கருவியிலும் எக்கோ சுருங்கும்.

அவரே மீண்டும்: பதிவு இருக்கிறதே! கையால் பார்த்தவர் நோட்டில் எழுதியதை யார் சரிபார்ப்பது?

பதில்: அதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு மாதம் கழித்து ஒப்பிட, பதிவுக்கு ஈடில்லை. ஆனால் பதிவு மட்டும் காப்பாற்றாது. 2000 அக்டோபர் 17, இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டு: களைப்பு விரிசல் ஓடிய தண்டவாளம் ரயிலின் அடியில் 300-க்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறி 4 பேர் இறந்தார்கள். அந்தத் தண்டவாளத்தின் நிலை முன்பே தெரியும், மாற்றாமல் கிடந்தது. அங்கே இன்னொரு பாடமும் உண்டு. தண்டவாள ஓரத்தில் மேலோட்டமாக நெருங்கிக் கிடக்கும் சிறு விரிசல்கள், கீழே இறங்கும் பெரிய விரிசலை அலையிடமிருந்து மறைத்துவிடும். அதைப் படமும் காட்டாது.

கேள்வி: கான்கிரீட் தூணுக்கு இதே ப்ரோப்?

பதில்: இல்லை. அங்கே 54 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண், வேறு கருவி. கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள்.

கேள்வி: ரயில் அச்சில் சக்கரம் ஏற்றிய இடத்தில் எக்கோ வருகிறது. விரிசலா?

பதில்: இறுகிய பொருத்தமே எக்கோ தரும். வரைபடத்தை எடுத்து, சக்கர இருக்கையின் ஓரம் எந்தத் தூரத்தில் வர வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள். உராய்வில் விரிசல் பிறப்பதும் அந்த ஓரத்துக்குச் சற்று உள்ளேதான் என்பதால், ஒரே எக்கோவாகக் கலந்து தெரியலாம். செயற்கை வெட்டு போட்ட மாதிரி அச்சோடு ஒப்பிடாமல் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கேள்வி: தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா?

பதில்: மூன்றாவது முறை இது. காற்று சிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கேள்வி (ஃபோர்மேன் மீண்டும்): பிளாக்கில் சரிபார்த்து மறுபடி பார்த்தேன் சார். எக்கோ குறைந்திருக்கிறது. விரிசல் மூடிவிட்டதா?

பதில்: முகங்கள் இறுகியிருக்கலாம், விரிசல் போகாது. வளைவுச் சுமை கொடுத்து விரிசல் பக்கம் இழுவிசை வரும்படி நிறுத்திப் பாருங்கள், எக்கோ எழும். வெளிப்பரப்பில் காந்தத் துகள் சோதனையும் (காந்தமாக்கி, இரும்புத் துகள் தூவி விரிசலைப் பார்ப்பது) செய்யுங்கள். இரண்டு முடிவும் கைக்கு வரும்வரை அந்தத் தண்டை ஓட்டாதீர்கள்.