சோற்றை விட்டவர்களும் திரும்பி வந்த கிலோக்களும்
(வாசகர் கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். குறைந்தது, ஏறியது, மறுபடி குறைந்தது, மறுபடி ஏறியது. எல்லாருக்கும் பதில் எழுத இடமில்லை, விடுபட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வழக்கமாகச் சொல்வதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது.

பதினைந்து வருடத்தில் ஆறு முறை இளைத்தேன். ஆறு முறையும் பழையபடி ஏறிவிட்டது. இப்போது 81 கிலோ. வயது 46, உயரம் 156 செ.மீ. என் உடம்பே கெட்டுப்போய்விட்டதா?
– வாசகி, லாஸ்பேட்டை

கெடவில்லை அம்மா. எடை இறங்கும்போது உடம்பு அதைப் பஞ்சகாலம் என்று எடுத்துக்கொள்கிறது. பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, சும்மா இருக்கும்போது செலவாகும் கலோரியும் இறங்குகிறது. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்குச் சராசரியாக 41 கிலோ திரும்பியிருந்தது. அவர்கள் உடம்பு அப்போதும், எதிர்பார்த்ததைவிட ஒரு நாளைக்கு 500 கலோரி குறைவாகத்தான் செலவழித்தது. ஆறு முறை ஏறியதற்கு உங்கள் மன உறுதியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்.

ஆறு முறையும் என்ன செய்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்: பேலியோ, ஜூஸ், ஒருவேளைச் சாப்பாடு, இன்னும் மூன்று. அவற்றில் ஒன்றையாவது 60 வயதிலும் செய்ய உங்களால் முடியுமா? முடியாதென்றால் இன்றைக்கும் வேண்டாம். 81 கிலோவிலிருந்து 60 கிலோவுக்குப் போகும் கணக்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ வீதம் 8 கிலோ குறைந்தால் போதும். சர்க்கரை, பிரஷர், முட்டிவலி என்று எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரியும். 73 வந்ததும் நிறுத்தி, ஆறு மாதம் அதிலேயே நில்லுங்கள். இதுவரை நீங்கள் ஒருமுறைகூட நின்று பழகவில்லை. மேற்கொண்டு இறங்குவதை அப்புறம் பேசுவோம்.

எடை குறைய வழி சொல்லவும். அவசரம்.
– வாசகர், முத்தியால்பேட்டை

வயது இல்லை, உயரம் இல்லை, இப்போதைய எடை இல்லை, என்ன மாத்திரை என்பதும் இல்லை. போன மாதமும் இதே இரண்டு வரியைத்தான் அனுப்பியிருந்தீர்கள். விவரங்களை எழுதி அனுப்புங்கள் தம்பி, அதுவரை நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு ராத்திரியும் மதியமும் சப்பாத்தி சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் 7 கிலோ குறைந்தது. பொங்கலுக்குச் சோறு சாப்பிட்டேன், இரண்டே நாளில் ஏறத் தொடங்கி இப்போது 9 கிலோ கூடிவிட்டது. சோறு எனக்கு ஒத்துக்கொள்ளாதா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இந்த முறை முழுசாக எழுதிவிடுகிறேன், வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் யாராவது இளைக்க ஆரம்பித்தால் முதலில் பழி வாங்கப்படுவது சோறுதான். ‘சோற்றையே விட்டுட்டேன்’ என்று சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. எனக்கு அதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் இன்னும் ஒரு வருடத்தில் அதே ஆள் கூடுதல் எடையோடு என் முன்னால் வந்து உட்காரப் போகிறார்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் ராத்திரிச் சாப்பாட்டை டப்பாவோடு கொண்டு வந்தார். நான்தான் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். நான்கு சப்பாத்தி. ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தேன், 65 கிராம். விரலில் எண்ணெய் ஒட்டியது. கூட ஒரு கிண்ணம் தேங்காய் அரைத்த குருமா, மேலே எண்ணெய் மிதந்தது. சப்பாத்தி ஒன்றுக்கு 200 கலோரி என்று வைத்தாலும் நான்குக்கு 800, குருமாவோடு ஆயிரத்தைத் தொட்டது. முன்பு அவர் சாப்பிட்டது இரண்டு கப் சோறு, சாம்பார், பொரியல். எல்லாம் சேர்ந்து 600 வரும். கோதுமைக்கு மாறினால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி நானூறு கலோரியைக் கூட்டிக்கொண்டிருந்தார் மனுஷர்.

எனக்குக் குறைந்ததே என்று கேட்பீர்கள். குறைந்தது உண்மை. மாவுச்சத்தை வெட்டியதும் தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு காலியாகும். ஒரு கிராம் கிளைகோஜனோடு மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் பத்து நாளில் இறங்கிய இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர். பொங்கலன்று சோறு சாப்பிட்டதும் தண்ணீர் திரும்பி வந்தது, தராசு ஒன்றரைக் கிலோ கூட்டிக் காட்டியது. அது கொழுப்பே இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர 7,700 கலோரி மிச்சம் விழ வேண்டும், இரண்டு நாள் பொங்கலில் அவ்வளவு சேராது. ஆனால் நீங்கள் எல்லாம் போச்சு என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அன்றிலிருந்து அளவு பார்க்காமல் சாப்பிட்டதில்தான் அந்த ஒன்பது கிலோ வந்தது. மூன்று மாதம் விட்டுவைத்த ஆசையும் கூடச் சேர்ந்துகொண்டது.

பொங்கல் வரும், அமாவாசைப் படையல் வரும், கல்யாணப் பந்தி வரும். கடலூரில் பிறந்தவர் மீன்குழம்பு வைத்த அன்று எத்தனை நாள் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருக்க முடியும்? சோறு சாப்பிடுங்கள். மதியம் ஒன்றரைக் கப், வெந்த சோறு, கப்பில் அளந்து. 300 கலோரிதான். தட்டில் முதலில் காய் விழட்டும், பாதித் தட்டுக்கு. அப்புறம் பருப்போ முட்டையோ மீனோ. மத்தி, நெத்திலி, சங்கரா எதுவானாலும் குழம்பில் போடுங்கள், வறுக்க வேண்டாம். சோறு கடைசியாக விழட்டும். தட்டில் போட்டதும் குண்டானை அடுப்படிக்கே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போகும். இதை மட்டும் மூன்று மாதம் செய்துவிட்டு எழுதுங்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவரானால் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோடு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

தினமும் கடற்கரைச் சாலையில் 40 நிமிடம் நடக்கிறேன். ஆறு மாதமாகியும் எடை அசையவில்லை.
– வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி

40 நிமிட நடையில் செலவாவது 150 கலோரி சொச்சம். நடந்து முடித்துத் தோழிகளோடு பஜ்ஜி, சுண்டல் சாப்பிடுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்கு பஜ்ஜி அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டுதான். இறங்கிய எடையைப் பிடித்து வைக்கத்தான் நடை வேண்டும். 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது ஏறாமல் வைத்திருப்பவர்களின் பெயர்களை 1994 முதல் அமெரிக்காவில் ஒரு பதிவேட்டில் சேர்த்து வருகிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள், பெரும்பாலும் நடைதான். அதனால் நடையை விடாதீர்கள். பஜ்ஜியை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு இருப்பதால்தான் 20 கிலோ ஏறிவிட்டது என்கிறேன், வீட்டில் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.
– வாசகி, நெல்லிக்குப்பம்

தைராய்டு குறைவால் ஏறுவது பொதுவாக இரண்டிலிருந்து நான்கு கிலோ. அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தவறாமல் போடுங்கள், மிச்சம் 16 கிலோவுக்குச் சாப்பாட்டைப் பாருங்கள்.

எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டதாமே, ஜிம்மில் தெரிந்தவர் வாங்கித் தருகிறேன் என்கிறார். போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், ரெட்டியார்பாளையம்

ஜிம்காரரிடம் வாங்காதீர்கள். அது டாக்டர் சீட்டோடு, பரிசோதனைகளோடு போடும் மருந்து. மருந்து நல்லதுதான், சிலருக்கு உண்மையிலேயே தேவைப்படுகிறது. ஆனால் செமாகுளுடைடு என்ற எடை குறைப்பு ஊசியை நிறுத்தியவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. எத்தனை வருடம் போட வேண்டும், மாதம் எவ்வளவு ஆகும், நிறுத்தினால் என்ன செய்வது என்று மூன்றையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தினமும் எடை பார்க்கலாமா? காலையில் ஒன்று, மெடிக்கல் ஷாப் மெஷினில் ஒன்று காட்டுகிறது.
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ஒரே தராசு, ஒரே நேரம், காலையில் வெறும் வயிற்றில். முந்தின ராத்திரி கருவாட்டுக் குழம்பு என்றால் உப்புக்கே ஒரு கிலோ கூடக் காட்டும். வாரச் சராசரியைப் பாருங்கள். இடுப்பை நாடாவில் அளந்து எழுதுங்கள்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

வீட்டிலேயே முந்திரி உடைக்கும் தொழில். உடைந்த பருப்பு வாயில் போய்க்கொண்டே இருக்கிறது. முந்திரி நல்லதுதானே?
– வாசகி, பண்ருட்டி

நல்லதுதான், ஒரு கைப்பிடி வரை. 30 கிராமுக்கே 170 கலோரி. காலையில் உங்கள் பங்கை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன் 11 கிலோ குறைத்தேன், ஏறவிடாமல் வைத்திருந்தேன். மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு மாதத்தில் 2 கிலோ ஏறிவிட்டது. மறுபடியும் பழைய கதைதானோ என்று தூக்கம் வரவில்லை.
– வாசகி, தவளக்குப்பம்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் தங்கச்சி. ஆஸ்பத்திரி வராந்தாவில் கேன்டீன் பரோட்டாவும் டீயும் குடித்துக்கொண்டு, தூங்காமல் இரண்டு மாதம் கிடந்தும் இரண்டே கிலோதான் ஏறியிருக்கிறது. முன்பெல்லாம் ஐந்து கிலோ ஏறிய பிறகுதான் தராசையே தேடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தடவை இரண்டிலேயே பிடித்துவிட்டீர்கள்.

பட்டினி எதுவும் வேண்டாம். மூன்று வாரத்துக்கு ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடியுங்கள், டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள், பழைய நடை நேரத்தை மீட்டெடுங்கள், கால் மணி நேரத்தில் தொடங்கினாலும் போதும். மாமியாரைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டுக்காரர் மாற்றிக்கொள்ளட்டும், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். நாலாவது ஞாயிறு எடை பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள், கூடியிருந்தாலும் சரி.