பதில்: குறளின் 'அதிகாரம்' வேறு, கலெக்டரின் 'அதிகாரம்' வேறா?

குடியாத்தம் நண்பரே, "குறள்ல அதிகாரம்னா பாடத்தலைப்பு, கலெக்டர்கிட்ட இருக்கிறதும் அதிகாரம், எப்படிப்பா?" என்று மகள் கேட்டு மடக்கிவிட்டாள் என்கிறீர்கள். இரண்டும் ஒரே சொல்தான்.

வடமொழியில் 'அதி' என்றால் மேலே. 'காரம்', செய்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. மேலே இருந்து நடத்துவது அதிகாரம். பாணினியின் வடமொழி இலக்கணத்தில், அடுத்து வரும் சூத்திரங்களை (சுருக்கமான விதிகளை) ஆளும் தலைப்புச் சூத்திரத்துக்கும் இதே பெயர்தான். தலைப்பு தன் கீழே உள்ளதை ஆள்கிறது இல்லையா? தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம், சிலப்பதிகாரம், குறளின் 133 அதிகாரங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

'அதிக காரம்'தான் அதிகாரம் ஆனது என்ற உங்கள் விளக்கம் ஆம்பூர் பிரியாணிக்கு வேண்டுமானால் பொருந்தும்! மிளகாய்க் காரம் 'க்ஷார' என்ற வேறு சொல்லின் வழி வந்தது.

கட்டுரையில் 'அதிகாரம்' என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டுமென்றால், பதவியின் அதிகாரத்துக்கு ஆட்சி, ஆளுகை. உடம்பின், மனசின் பலத்துக்கு ஆற்றல், வலிமை. குறளின் 48-ஆம் அதிகாரமான 'வலியறிதல்' பாருங்கள், அங்கே வலி என்றால் பலம், நோவு இல்லை. 'தாசில்தார்' எங்கிருந்து வந்தது என்றும் கேட்பாள், தயாராக இருங்கள்: 'தாசில்' அரபியில் வசூல், 'தார்' பாரசீகம்.