டீச்சரிடம் கேளுங்கள்: ரெண்டு நாள் கொடைக்கானல்

பாளையங்கோட்டை வாசகி: டீச்சர், எங்களுக்கு சனி, ஞாயிறு ரெண்டு நாள்தான் லீவு. மாமியாருக்கு 72 வயது, மூட்டுவலி. கொடைக்கானல் போகணும், ஆனால் தூண் பாறை, மோயர் பாயிண்ட் என்று ஓட முடியாது. பூங்கா, மாதா கோயில் என்று அமைதியாக இருந்துவிட்டு வர வழி சொல்லுங்களேன்.

ஓடாமல் போய்வர வழி கேட்டு எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையதுதான். மற்றவர்கள் எல்லாம் ‘ரெண்டு நாளில் இருபது பாயிண்ட் பார்க்க முடியுமா’ என்றுதான் எழுதுகிறார்கள். முடியும். எல்லாவற்றையும் கார் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

நம்ம ஊரிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு சங்கடம் உண்டு. நெல்லை பஸ் மதுரை மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும், கொடைக்கானல் பஸ்ஸுக்கு ஆரப்பாளையம் போகணும். முட்டி வலிக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த அலைச்சல் வேண்டாம், கார் பிடியுங்கள். காருக்கு இ-பாஸ், அதாவது மலைக்குள் நுழைய ஆன்லைனில் எடுக்கிற அனுமதிச் சீட்டு, கட்டாயம், 2024 மே மாதம் ஐகோர்ட் உத்தரவில் வந்தது. வீட்டில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு போனில் டவர் தேடுகிற பாவம் உங்களுக்கு வேண்டாம். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் மலையில் ஆகாது. ஒரு எவர்சில்வர் கூஜா எடுத்துக்கொள்ளுங்கள்.

விடியக்காலம் நாலு மணிக்குக் கிளம்புங்கள். வத்தலக்குண்டில் பூரி மசால் வாசம் இழுக்கும். நான் ஒருதடவை நாலு பூரி தின்றுவிட்டு ஏறி, பெருமாள்மலை வருவதற்குள் மூணு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னவள். ரெண்டு இட்லியோடு எழுந்துவிடுங்கள். வெள்ளி நீர்வீழ்ச்சியில் எல்லா வண்டியும் நிற்கும். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே 180 அடி விழுகிறது. குற்றாலம் பார்த்த கண்ணுக்கு அதில் பெரிசாக ஒன்றும் இல்லை, போய்க்கொண்டே இருங்கள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குமேல் பிரையண்ட் பூங்கா மட்டும். ஏரிக்குப் பக்கத்திலேயே 20 ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. மதுரையில் வனத்துறை அதிகாரியாக இருந்த பிரையண்ட் என்பவர் 1908-ல் போட்ட தோட்டம். மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும். அப்போது போனால் பூவைவிடத் தலைதான் அதிகம் தெரியும். மற்ற மாதங்களில் பெஞ்சு கிடைக்கும். மாமியாரை ரோஜாப் பாத்தி பார்த்த பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் கண்ணாடி மாளிகைக்குள் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் அவர்கள் கோபிக்க மாட்டார்கள். பக்கத்து பெஞ்சில் யாராவது தூத்துக்குடிக்காரர் கட்டாயம் இருப்பார், பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

ஞாயிறு காலை சலேத் மாதா கோயில். லூயி செயின்ட் சிர் என்ற சேசு சபைப் பாதிரியார் 1860-களில் கட்டியது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் திருவிழா, அந்த வாரம் ரூம் கிடைக்காது. உங்களுக்கு வேண்டியது திருவிழா இல்லாத ஞாயிறுதான். பூசை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அரைமணி நேரம் உள்ளே இருங்கள்.

அப்புறம் கோக்கர்ஸ் வாக். கோக்கர் என்ற ராணுவக்காரர் 1872-ல் மலை விளிம்பில் போட்ட நடைபாதை, மொத்தம் ஒரு கிலோமீட்டர். மாமியார் முடிந்த அளவு நடக்கட்டும், போதும் என்றால் திரும்பிவிடலாம். காலையில் மூடுபனி இல்லாவிட்டால் கீழே பெரியகுளம் பக்கமும் வைகை அணையும் தெரியும். எனக்குப் பிடித்தது சாயங்காலம்தான். ஒருநாள் முதுகுக்குப் பின்னால் வெயில், எதிரே பள்ளத்தாக்கு நிறையப் பனி. அந்தப் பனிமேல் என் நிழல் ஆளுயரத்துக்கு மேலே நின்றது, தலையைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வளையம். கையை ஆட்டினேன், அதுவும் ஆட்டியது. ‘மயினி, என் தலையைச் சுற்றி ஒளிவட்டம் பாருங்க’ என்றேன். ‘உனக்கு எங்கட்டி இருக்கு? எனக்குல்லா இருக்கு’ என்றாள். பனித்துளியில் வெயில் பட்டுத் திரும்புவதால் வருகிற விஷயம் இது. அவரவர் தலை வளையம்தான் அவரவர் கண்ணுக்குத் தெரியும். இது தெரியாமல் ரூம் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம்.

ரூம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘லேக் வியூ’ என்று சொல்லி ஒரு லாட்ஜில் கூடுதல் காசு வாங்கினார்கள். ஜன்னலைத் திறந்தால் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி. குளியலறை ஸ்டூல்மேல் ஏறினால் ஏரி உள்ளங்கை அகலம் தெரிந்தது. நீங்கள் வெந்நீர் வருமா, எத்தனை படி ஏறணும் என்று மட்டும் கேளுங்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: பெரிய ஓட்டல் சாப்பாடு எங்களுக்கு ஒத்துக்காது. மலையில் உள்ளூர்க்காரர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள்?

உள்ளூர்க்காரர்கள் நம்மை மாதிரி சோறுதான் சாப்பிடுகிறார்கள் சார். பஜார் பக்கத்து மெஸ்களில் மத்தியானச் சாப்பாடு நன்றாகவே இருக்கும். நம்ம ஊர்க் குழம்பு வேண்டும் என்று மட்டும் அடம்பிடிக்காதீர்கள்.

ஊரில் திபெத்துக்காரர்கள் ரொம்ப நாளாக இருக்கிறார்கள். அவர்கள் சமையலில் மோமோ என்று ஒன்று உண்டு. நம்ம கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. மைதா மாவுக்குள் கோஸோ கறியோ வைத்து ஆவியில் வேக வைப்பார்கள், மிளகாய்ச் சட்னி தொட்டுக்கொள்ளணும். துக்பா என்றால் நூடுல்ஸ் மிதக்கிற சூப். குளிருக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஏரிக்கரையில் சுட்ட சோளக்கருதில் எலுமிச்சம்பழ மூடியை மிளகாய்ப்பொடியில் தோய்த்துத் தேய்த்துத் தருவார்கள்.

திரும்பும்போது சாக்லேட்டுக்கு முண்டுகிற கூட்டத்தை விட்டுவிட்டு ஞாயிற்றுச் சந்தைக்குப் போங்கள். மலைப்பூண்டு வாங்குங்கள். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பூண்டு. நான் அரைக் கிலோ வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், மதுரை தாண்டும்வரை கார் பூராவும் அதே வாசம். பூண்டுக் குழம்புக்கு வழக்கமாகப் போடுவதில் பாதி போதும். வீட்டில் பிள்ளை பெற்ற பெண் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சி வாசகர்: கண்ணெதிரே மாஞ்சோலை இருக்க, கொடைக்கானல் எதற்கு?

நியாயமான கேள்வி. மாஞ்சோலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் மேலே போக முடியாது. அது ஒருபக்கம். அங்கே இருந்த தேயிலை எஸ்டேட் கம்பெனி 2024-ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலையை முடித்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை கிள்ளியவர்கள் பெட்டி கட்டி இறங்குகிற லயன் வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

வள்ளியூர் வாசகி: குறிஞ்சிப் பூ இந்த வருஷம் பார்க்கலாமா?

2018-ல் பூத்தது. பன்னிரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். 2030.

திசையன்விளை வாசகர்: எங்க ஊர்ப் பக்கத்து இடையன்குடி கால்டுவெல் ஐயர் கொடைக்கானலில்தான் இறந்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்ட அதே பிஷப் கால்டுவெல். ஐம்பது வருஷம் போல நம்ம ஜில்லா வெயிலில் கிடந்தவர், 1891 ஜனவரியில் பதவியை விட்டுவிட்டு ஓய்வுக்கு மலைக்குப் போனார். அதே வருஷம் ஆகஸ்ட் 28-ல் அங்கே காலமானார். அப்போது மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது, ஏறினாலும் இறங்கினாலும் டோலியும் குதிரையும்தான். அந்த மலைச்சரிவில் இறக்கி, தேரிக்காடு வரைக்கும் உடலைக் கொண்டுவந்து, அவரே கட்டி 1880-ல் திறந்த இடையன்குடிக் கோயிலின் பலிபீடத்தடியில் அடக்கம் செய்தார்கள்.

கோக்கர்ஸ் வாக் முடிகிற பக்கம் 1884-ல் கட்டிய செயின்ட் பீட்டர்ஸ் ஆலயம் இருக்கிறது. வண்ணக் கண்ணாடி ஜன்னலில் காலை வெயில் விழும்போது போய்ப் பாருங்கள். நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது. இடையன்குடிக்கு உங்களுக்கு டவுன் பஸ் தூரம்தானே, இன்னும் போகவில்லை என்றால் கொடைக்கானலுக்கு முன்னால் அங்கே ஒருநடை போய்விட்டு வாருங்கள்.